கண்ணின் மொழியும் கேட்கும் சமுதாயமும்

மனிதன் பேசக் கற்றது பற்றி மொழிநூலாரும் மானிடவியலாரும் பல நூல்கள் எழுதியுள்ளனர். பேச்சு எனப்படுவது சொல்பவனும் கேட்பவனுமாகிய இருவருடைய செயல் என்பதையும் அவர்கள் மறுப்பதில்லை. ஆயினும், யாருடைய பேச்சைச் சமுதாயம் கேட்டது, யாருடைய பேச்சைக் கேளாது விட்டது என்னும் வினாவை வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவோர் குறைவே. உடல் முழுவதும் முடங்கி, நாவும் கையும் செயலிழந்து, கண் ஒன்றே அசையும் நிலையிலுள்ள மனிதனை எடுத்துக்கொண்டால் இவ்வினா மிகக் கூர்மையடைகின்றது. அவன் பார்வையால் கணினியை இயக்கி எழுதவும் பேசவும் இன்று கருவிகள் உள. அக்கருவிகள் எவ்வாறு பிறந்தன, யாருக்காகப் பிறந்தன, யாரிடம் சென்று சேர்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவிக்கு முன்பே கற்பனை இப்பொருளைத் தொட்டுவிட்டது. பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா 1844 முதல் 1846 வரை தொடர்கதையாக வெளியிட்ட ‘மொன்டே கிறிஸ்டோ பிரபு’ என்னும் நாவலில் நுவார்த்தியே என்றொரு முதியவர் வருகின்றார். அவர் பிரெஞ்சுப் புரட்சியின் காலத்து மனிதர். பின்னர் நெப்போலியன் பக்கம் நின்றவர். அவருடைய மகனோ முடியாட்சிக்குத் தொண்டு செய்யும் அரச வழக்குத்தொடுநர். வாதநோயால் உடல் முழுதும் முடங்கிய அம்முதியவர் கண்ணை மூடினால் ‘ஆம்’; பலமுறை இமைத்தால் ‘இல்லை’. ஏதேனும் வேண்டுமாயின் பார்வையை மேலே உயர்த்துவார். பேத்தி வலன்டீன் எழுத்துக்களை வரிசையாகச் சொல்லி, அவர் காட்டிய எழுத்தில் நிறுத்தி, அகராதியைப் புரட்டி, அவர் கருதிய சொல்லைக் கண்டெடுக்கின்றாள். இம்முறையிலேயே அவர் தம் இறுதி விருப்பப் பத்திரத்தையும் எழுதுவிக்கின்றார். வாய்பேசாத ஒருவரின் விருப்பத்தைச் சட்டம் ஏற்குமா என்று ஐயுற்ற நொத்தாரிசும், அம்முறையைக் கண்ணாற் கண்டபின் இணங்க நேர்கின்றது. முடங்கிய உடலுக்குள்ளும் சட்டத்தின் முன் நிற்கும் உரிமையுடைய மனிதன் ஒருவன் இருக்கின்றான் என்பதே டூமா நாட்டிய உண்மையாகும்.

இதற்கு மறுதலையான சித்திரத்தை எமிலி ஸோலா 1867இல் தந்தார். அவருடைய ‘தெரேஸ் ரக்கன்’ நாவலில், தன் மகனைக் கொன்றவர்கள் யாவர் என்பதை அறிந்த முதியவள் ஒருத்தி வாதத்தால் முடங்கிக் கிடக்கின்றாள். கொலைகாரரோ அவளைப் பராமரிக்கும் மருமகளும் அவளுடைய புதுக் கணவனுமே. ஒரு மாலை, விருந்தினர் முன்னிலையில், அவள் அரும்பாடுபட்டு விரலை அசைத்து மேசைமீது உண்மையை எழுதத் தொடங்குகின்றாள். வாக்கியம் முடியுமுன் விரல் ஓய்ந்துவிடுகின்றது. அவளுடைய பார்வையின் பொருள் தனக்குத் தெரியும் என்று எப்போதும் பெருமை பேசும் ஒருவன், தன்னை நன்றாகப் பராமரிக்கின்றார்கள் என்றே அவள் சொல்ல வந்தாள் என வாக்கியத்தை முடித்துவைக்கின்றான். சபை அதை ஏற்றுக்கொள்கின்றது. உண்மை ஊமையாகின்றது.

வலன்டீனுக்கும் இம்மனிதனுக்கும் உள்ள வேறுபாடு அன்பின் அளவில் மட்டும் அமைந்ததன்று. அவளிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வோர் எழுத்தையும் முதியவரிடமே கேட்டு உறுதி செய்தாள். தன் ஊகத்தை அவர் சொல்லாக்கவில்லை. மற்றவனோ தன் சொல்லை அவள் வாயில் இட்டான். முடங்கியவரின் பேச்சுப் பற்றிய பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரு வகைக் கேட்போருக்கும் இடையிலான போராட்டம் எனலாம்.

இனி மருத்துவத்தை நோக்குவோம். மூளைத்தண்டின் ஒரு பகுதியில் இரத்தவோட்டம் தடைப்படின், கைகால்களுக்கும் முகத்துக்கும் நாவுக்கும் செல்லும் கட்டளைகள் யாவும் அறுபட்டுவிடுகின்றன. ஆனால் சிந்திக்கும் பகுதி பழுதின்றி இருக்கும். கண்ணை மேலும் கீழும் அசைக்கும் ஆற்றலும் இமைக்கும் ஆற்றலும் பெரும்பாலும் எஞ்சி நிற்கும். இந்நிலைக்கு ‘உள்ளே பூட்டப்பட்ட நிலை’ என்ற பொருள்படும் பெயரை 1966இல் பிரெட் பிளம், ஜெரோம் போஸ்னர் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் வழங்கினர். நாவலாசிரியர் கண்ட உண்மைக்கு மருத்துவம் பெயரிட நூற்றிருபது ஆண்டுகள் சென்றன. இயக்க நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோயிலும் ஏறக்குறைய இதே நிலை ஏற்படுவதுண்டு. அந்நோய் கைகால்களையும் நாவையும் மூச்சுத் தசைகளையும் தாக்கினும் கண்ணை அசைக்கும் தசைகளை நெடுங்காலம் விட்டுவைக்கின்றது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. மூளைத்தண்டு தாக்குண்ட நோயாளர் பலரிடத்து, உள்ளே உணர்வு விழித்திருப்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் மருத்துவர்கள் அல்லர். அருகிலிருந்த தாயோ மனைவியோ பிள்ளையோதான். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உணர்வற்றவர் எனக் கருதப்பட்டு, தம் முன்னிலையிலேயே தம்மைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்டுக் கிடந்தவர்கள் உளர். அங்கே குறைவாயிருந்தது மருத்துவ அறிவு மாத்திரமன்று. உற்றுநோக்குவதற்கான நேரமும் பொறுமையும் குறைவாயிருந்தன.

கண்ணின் அசைவை அளக்கும் விஞ்ஞானம் வேறோர் இடத்திலே தோன்றியது. பாரிசில் எமில் ஜவால் என்னும் கண் மருத்துவரின் ஆய்வுகூடத்தில், 1879 அளவில், வாசிக்கும்போது கண் வரியின் வழியே சீராக வழுக்கிச் செல்வதில்லை; தாவித் தாவி நின்று செல்கின்றது என்பது தெரியவந்தது. அமெரிக்கரான எட்மண்ட் ஹியூ, கண்ணின்மேற் பொருத்திய சிறு கிண்ணத்தோடு ஓர் ஊசியை இணைத்து அத்தாவலைப் பதிவு செய்தார். கண்ணுக்கு இத்துன்பத்தைக் கொடாத வழியொன்றை 1901இல் றேமண்ட் டொட்ஜ், தோமஸ் கிளைன் என்போர் கண்டனர். விழியின் முன்புறமுள்ள தெளிந்த படலத்தில் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வருவதைப் புகைப்படத் தகட்டிலே பதித்தனர். இன்றைய கருவிகளின் மூலக்கரு இதுவே. இவர்கள் அனைவரும் அறிய விரும்பியது, மனிதன் எவ்வாறு வாசிக்கின்றான் என்பதையே. ஆசிரியர்களாகிய வாசகர்கள் இதனை நினைவில் வைத்தல் தகும்: கல்வி பற்றிய ஆய்விலிருந்தே இத்துறை முளைத்தது.

சோவியத் நாட்டிலே அல்பிரெட் யார்பஸ் இவ்வாய்வை மேலும் ஒரு படி உயர்த்தினார். அவருடைய நூல் 1965இல் மொஸ்கோவில் வெளிவந்தது. நாடுகடத்தப்பட்ட ஒருவன் எதிர்பாராத வேளையில் வீடு திரும்புவதைச் சித்திரிக்கும் றேப்பினின் புகழ்பெற்ற ஓவியத்தை அவர் பார்வையாளரிடம் காட்டினார். இக்குடும்பத்தின் பொருளாதார நிலை யாது என்று கேட்டபோது கண்கள் ஒரு வழியிற் சென்றன. இவர்களின் வயது என்ன என்று கேட்டபோது வேறு வழியிற் சென்றன. ஓவியம் ஒன்றே, வினா மாறியபோது பார்வையின் பாதையும் மாறிற்று. கண் வெறுமனே ஒளியை வாங்கும் துவாரமன்று, சிந்தனையின் நாட்டத்தைப் பின்தொடரும் உறுப்பு என்பது இதனால் வலுப்பெற்றது. சிந்தனையைப் பின்தொடரும் ஓர் உறுப்பு, சிந்தனையைச் சுமந்து வெளியே கொண்டுவரவும் வல்லதல்லவா?

ஆயினும் இத்துறைக்குப் பெரும் பணம் வந்த திசை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க விமானப்படைக்காகப் போல் பிட்ஸும் அவருடன் பணிபுரிந்தோரும், விமானத்தைத் தரையிறக்கும் வேளையில் விமானியின் கண் எந்த அளவுமானியில் எவ்வளவு நேரம் தங்குகின்றது என்பதைத் திரைப்படக் கருவியால் ஆராய்ந்து 1950இல் முடிவுகளை வெளியிட்டனர். 1960களில் ஹனிவெல் நிறுவனம் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஆதரவோடு, முகத்தைத் தொடாது தூரத்திலிருந்தே பார்வையின் திசையை அளக்கும் கருவியை உருவாக்கிற்று. பின்னர் விளம்பரக்காரர் இதனைப் பற்றிக்கொண்டனர். கடைத்தட்டிலே நுகர்வோனின் கண் எந்தப் பெட்டியில் நிற்கின்றது என்பதை அறிவது அவர்களுக்கு இலாபமாயிற்று. போரும் வாணிகமும் கண்ணை முந்திக்கொண்டன. முடங்கியவனுடைய கட்டிலை அக்கருவி அடைந்தது கடைசியிலேதான். கருவியின் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எத்தேவைக்கு முதலிடம் என்று தீர்மானித்தது பணம் இருந்த இடமே என்பதைத்தான் சுட்டுகின்றோம்.

முடங்கியவனின் தேவையிலிருந்து நேரே பிறந்த கருவிகளும் இல்லாமலில்லை. நாஸி ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயமுற்றோருக்கான பிரிவைத் தொடங்கினார். அங்கே 1960 அளவில் றெஜ் மேலிங் என்பவர், நோயாளர் ஒரு குழாயினூடாக மெல்ல உறிஞ்சியும் ஊதியும் விளக்கையும் மணியையும் தட்டச்சுப் பொறியையும் இயக்கத்தக்க ஒரு சாதனத்தை அமைத்தார். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கிப் ‘பொசம்’ என்றனர். இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு ‘என்னால் இயலும்’ என்று பொருள். இளம்பிள்ளைவாதத்தால் முடங்கியோர் பலர் இதனால் கடிதம் எழுதினர், தொழிலும் செய்தனர். மூச்சு எஞ்சியவர்க்கு மூச்சே கையாயிற்று.

மூச்சும் தன் வசத்தில் இல்லாதவர்க்குக் கண்ணே எஞ்சியது. 1980களில், கணினி மேசையளவுக்குச் சுருங்கிய பின்னர், வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹட்சின்சனும் அவர் குழுவினரும் பார்வையால் இயங்கும் கணினியை உருவாக்கினர். அதன் செயற்பாடு எளிதில் விளங்கத்தக்கது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி விழியின்மேற் படுகின்றது. விழியின் தெளிந்த படலத்தில் ஒரு சிறு மினுக்கம் தோன்றுகின்றது. கண் அசையும்போது கண்மணியின் மையம் நகரும். மினுக்கமோ பெரிதும் நகராது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் திசையையும் ஒளிப்படக் கருவி அளக்கின்றது. தொடக்கத்தில் திரையின் சில புள்ளிகளைப் பார்க்கச் செய்து, இந்த அளவுக்கு இந்த இடம் என்று கணினிக்குக் கற்பித்துவிடுவர். பின்னர் ஓர் எழுத்தின்மேற் பார்வை சிறிது நேரம் தங்கினால், அவ்வெழுத்தைத் தெரிந்ததாகக் கணினி கொள்ளும். சேர்ந்த எழுத்துக்களைச் செயற்கைக் குரல் வாசிக்கும்.

ஸ்டீபன் ஹோக்கிங்கின் பெயர் இவ்விடத்தில் பலருக்கும் நினைவு வரும். 1985இல் மூச்சுக்குழாயில் நடந்த சத்திரசிகிச்சையால் அவர் குரலை இழந்தார். சில காலம், எழுத்து அட்டையில் உரிய எழுத்தை ஒருவர் தொடும்போது புருவத்தை உயர்த்தி உணர்த்திவந்தார். பின்னர் அவருக்கு உதவிய கணினி நிரலை ஆக்கிய வோல்ட்டர் வோல்ட்டோஸ், அதை முதன்முதல் எழுதியது இதே நோயுற்ற தம் மாமியாருக்காகவே. ஹோக்கிங் கைவிரலாலும், விரல் ஓய்ந்தபின் கன்னத்துத் தசையாலும் கருவியை இயக்கினார். 2018இல் இறக்கும்வரை நூல்கள் எழுதியும் விரிவுரை ஆற்றியும் வந்தார். உலகம் அவரைத் தனியொரு மேதையின் அதிசயமாகக் காட்ட விரும்புகின்றது. உண்மையில் அவரைச் சுற்றிச் செவிலியரும் பொறியியலாளரும் மாணவரும் குடும்பத்தாரும் ஆகிய பலருடைய உழைப்பு இடையறாது இயங்கிற்று. அவ்வுழைப்பு வாய்க்காத மேதைகள் எத்தனை பேர் பேசாமலே மறைந்தனரோ, அக்கணக்கை எழுதியவர் இலர்.

இவ்வுழைப்பின் இயல்பை விளக்குவதற்கு ஜோன் டொமினிக் போபியின் வரலாறு தக்க சான்றாகும். பாரிசின் ‘எல்’ சஞ்சிகையின் ஆசிரியராயிருந்த அவர் 1995 டிசம்பரில் மூளைத்தண்டுத் தாக்கத்துக்கு உள்ளாகி, இடது இமையொன்றை மட்டும் அசைக்கத்தக்கவரானார். அவரிடம் கணினியும் இல்லை, அகச்சிவப்பு ஒளியும் இல்லை. அகரவரிசையை மாற்றி, பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வரும் எழுத்தை முதலிலும் அரிதாக வரும் எழுத்தை இறுதியிலும் வைத்து அமைத்த ஒரு பட்டியலே கருவி. குளோட் மொந்திபில் என்னும் பெண்மணி அவ்வரிசையைத் திரும்பத் திரும்பச் சொல்ல, உரிய எழுத்தில் அவர் இமைத்தார். ஏறத்தாழ இரண்டு இலட்சம் இமைப்புகளில் ‘நீர்மூழ்கிக் கூண்டும் வண்ணத்துப்பூச்சியும்’ எனப் பொருள்படும் நூல் உருவாயிற்று. 1997 மார்ச்சில் அந்நூல் வெளிவந்த சில நாட்களுள் அவர் காலமானார். நூலின் அட்டையில் அவர் பெயர் நிற்கின்றது, அது நீதியே. ஆனால் வரிசையை ஆயிரமாயிரம் முறை சோர்வின்றிச் சொன்ன குரலும் இலக்கிய வரலாற்றில் இடம்பெறத்தக்கதே. கேட்பதும் ஓர் உழைப்பு. நேரம் கொள்ளும் உழைப்பு. ஆதலால் கூலிக்குரிய உழைப்பு.

கருவியும் கேட்போரும் கிடைத்தபின் செலவை ஏற்பவர் யார் என்ற வினா எழுந்தது. முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதித் திட்டம், பேச்சுக் கருவிகளை வசதிப் பொருட்கள் எனக் கருதிப் பல்லாண்டுகள் விலக்கி வைத்தது. 2001இலேதான் அவை மருத்துவத் தேவைகளாக ஏற்கப்பட்டன. ஒருவன் தன் நோவைச் சொல்வதும், தன் பிள்ளையின் பெயரை அழைப்பதும் வசதி என்று எழுதிவைத்த கணக்கரின் மனம் எத்தகையது என்பதை வாசகரே சிந்தித்துக்கொள்ளட்டும். 2014இல் விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டன. கருவியை நோயாளர் சொந்தமாகப் பெறாது மாத வாடகைக்கே பெறலாம் என்றாயிற்று. அவர் மருத்துவமனைக்கோ பராமரிப்பு இல்லத்துக்கோ செல்ல நேரின், பேச்சு மிகவும் வேண்டிய அவ்வேளையிலேயே கருவியை இழக்கும் ஆபத்தும் உண்டாயிற்று. நோயாளரும் குடும்பத்தாரும் இதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். இயக்க நரம்பணு நோயுற்ற முன்னாள் விளையாட்டு வீரர் ஸ்டீவ் கிளீசனின் பெயரைத் தாங்கிய சட்டம் 2015இல் நிறைவேறி, 2018இல் நிரந்தரமாயிற்று. உலகின் மிகச் செல்வம் படைத்த நாட்டிலும் பேச்சுரிமையின் இந்தச் சிறு பகுதி தானாகக் கனியவில்லை, போராடியே பெறப்பட்டது.

இதற்கிடையில், அறிவைத் தனியுடைமையாக்க விரும்பாதோரும் இருந்தனர். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேவிட் வோர்டு, டேவிட் மக்கேய் என்னும் இருவரும், பார்வையால் எழுத்துக்களினூடே வழிநடத்திச் சென்று எழுதும் ‘டாஷர்’ என்னும் முறையை 2002இல் ‘நேச்சர்’ இதழில் விவரித்தனர். நிரலையோ யாரும் இலவசமாகப் பெறத்தக்கதாக வெளியிட்டனர். 2009இல், லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் சுவரோவியக் கலைஞர் டெம்ப்ட் நோயால் முடங்கிக் கிடந்தபோது, கலைஞரும் நிரலாளருமான ஒரு குழுவினர், விளையாட்டுப் பொறியொன்றின் மலிவான ஒளிப்படக் கருவியையும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தையும் இணைத்து ‘கண் எழுதி’ எனப் பொருள்படும் சாதனத்தைச் செய்தனர். உதிரிப்பாகங்களின் செலவு ஏறக்குறைய ஐம்பது டொலர். செய்முறை முழுவதையும் உலகுக்கு வெளியிட்டனர். டெம்ப்ட் கட்டிலிற் கிடந்தபடியே வரைந்த எழுத்தோவியம் நகரத்துச் சுவரிலே ஒளியாக வீசப்பட்டது. சந்தையில் ஆயிரக்கணக்கான டொலர் பெறும் பொருளுக்கு ஈடாக இது எல்லாவற்றையும் செய்யாது என்பது மெய். எனினும், விலை என்பது பொருளின் இயற்கைக் குணமன்று, சமூக ஏற்பாட்டின் விளைவு என்பதை இது வெட்டவெளிச்சமாக்கியது.

இவ்வாறு பேசவைப்பதாற் பயன் யாது என்று கேட்போரும் உளர். அத்தகைய வாழ்வு வாழ்வாகுமா என்பர். இவ்வினாவை வெளியே நிற்போரிடம் கேளாது உள்ளே இருப்போரிடமே கேட்டார்கள் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2011இல் வெளியான அவ்வாய்வில், தம் வாழ்க்கை பற்றி விடையளித்தவர்களுள் 47 பேர் மகிழ்வுடையோம் என்றும், 18 பேர் மகிழ்வற்றோம் என்றும் கூறினர். மகிழ்வின்மையோடு தொடர்புற்றிருந்த காரணங்களுள் ஒன்று, பேசும் ஆற்றல் மீளாமை. விடையளிக்க இயன்றவரே விடையளித்தனர் என்னும் எல்லை இவ்வாய்வுக்கு உண்டு. எனினும் ஒன்று தெளிவு: முடக்கத்தைக் கண்டு இரங்குவோர் எண்ணுவது வேறு, முடங்கியோர் வேண்டுவது வேறு. அவர்கள் வேண்டுவது பிறரோடு உறவாடும் வழி.

அவ்வழி சபை மண்டபம் வரையிலும் செல்லும் என்பதற்கு ஜப்பான் சான்று தந்தது. 2019 ஜூலைத் தேர்தலில், இயக்க நரம்பணு நோயால் முழுதும் முடங்கி, மூச்சுக்கும் இயந்திரத்தை நம்பியிருந்த யசுஹிக்கோ புனாகோ அந்நாட்டு மேற்சபைக்குத் தெரிவானார். அவருடைய சக்கர நாற்காலிக்கு ஏற்பச் சபையின் ஆசனங்கள் மாற்றப்பட்டன. ஒளிபுகும் எழுத்துப்பலகையின் மறுபுறத்தில் உதவியாளர் நின்று, அவருடைய கண் எவ்வெழுத்தை நோக்குகின்றது என்பதைப் படித்துச் சொன்னார். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிக்கும்வரை சபைக்குழு காத்திருக்க வேண்டியிருந்தது. சாதாரணப் பேச்சு நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல் செல்லும். கண்ணால் எழுதுவோர் பெரும்பாலும் பத்துச் சொல் அளவிலேயே நிற்பர். விரைவே அறிவென்று கருதும் உலகில், ஒரு சட்டமன்றம் காத்திருக்கக் கற்றது சிறிய செய்தியன்று.

அந்தப் பலகையைக் கண்டபின் நம்முடைய மொழியை நினையாதிருக்க முடியவில்லை. தமிழுக்கு எழுத்து 247. பள்ளிச்சுவடியின் வரிசையில் உயிர், ஆய்தம், மெய், உயிர்மெய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சென்றால், ‘தண்ணீர்’ கேட்க விரும்பும் ஒருவர் ‘த’ என்னும் முதலெழுத்தை எட்டுவதற்கே 104 எழுத்துக்களைக் கேட்டாக வேண்டும். வேற்றுமொழிக்காக அமைந்த அட்டையைப் பெயர்த்தெழுதுவதால் இத்தொல்லை தீராது. தீர்வு நம் இலக்கணத்திலேயே இருக்கின்றது. வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு, குறில் ஐந்து, நெடில் ஏழு என ஐந்து வரிசைகளாகப் பலகையை அமைக்கலாம். கேட்பவர் முதலில் வரிசையின் பெயரைச் சொல்வார். கண் இமைத்ததும் அவ்வரிசையின் எழுத்துக்களைச் சொல்வார். மெய்யையும் உயிரையும் தனித்தனியே தெரிந்தால், ‘தண்ணீர்’ என்பதற்கு ஆறு தெரிவுகளே வேண்டும். வரிசைப் பெயர்களையும் சேர்த்து எண்ணினால், கேட்பவர் 32 முறை வாய்திறந்தால் சொல் முழுவதும் வந்துவிடும். ‘ங்’, ‘ஔ’ போன்ற அரிய எழுத்துக்களைக் கடைசியில் வைத்தால் உழைப்பு இன்னும் குறையும். ஒரு தாளும் எழுதுகோலும் இதற்குப் போதும். ஐந்தாம் வகுப்பு மாணவன் படித்த இலக்கணம் ஒரு மனிதனின் வாய் திறக்க உதவுமாயின், இலக்கணத்துக்கு இதனினும் மேலான பயன் யாது?

கணினிக்கும் இது பொருந்தும். அடுத்த சொல்லை முன்கூட்டி ஊகித்துத் தரும் நிரல்கள் கண்ணின் உழைப்பைப் பெரிதும் குறைக்கின்றன. ஆனால் தமிழில் வினையடியோடு காலமும் இடமும் எண்ணும் ஒட்டி ஒரே சொல்லாகின்றன. ஆதலால் முழுச்சொற்களை மட்டும் மனப்பாடம் செய்த நிரல் நமக்குப் போதாது. அடியையும் விகுதியையும் பிரித்தறியும் நிரல் வேண்டும். மேலும், நோயாளர் பேச விரும்புவது செந்தமிழன்று. ‘தண்ணீர்’ என்பதைவிடத் ‘தண்ணி’ என்பதே அவர் நாவில் இருந்த சொல். யாழ்ப்பாணத்தவர்க்கு யாழ்ப்பாணத்துப் பேச்சும், மட்டக்களப்பாருக்கு அவர்தம் வழக்கும், மலையகத் தோட்டத்து உழைப்பாளிக்கு அவருடைய மொழியும் அக்கருவியில் ஒலிக்க வேண்டும். பேச்சுவழக்குக்கு இலக்கியத்தில் இடங்கோரி வாதிட்ட முற்போக்காளருக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

சட்டங்கள் நம் நாட்டிலும் இல்லாமலில்லை. ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற சமவாயத்தில் இலங்கை 2007இல் ஒப்பமிட்டு, 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. அச்சமவாயத்தின் 21ஆம் உறுப்புரை, தாம் விரும்பும் தொடர்பு முறையால் கருத்தை வெளியிடும் உரிமையை ஊனமுற்றோருக்கு வழங்குகின்றது. ஆயினும் உரிமைக்கும் கைக்கும் இடையே உள்ள தூரத்தை உலகக் கணக்கு ஒன்று காட்டுகின்றது. உலக சுகாதார நிறுவனமும் சிறுவர் நிதியமும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 250 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஏதேனும் ஒரு துணைக்கருவி தேவை. ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை. செல்வ நாடுகள் சிலவற்றில் வேண்டியோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெறும்போது, வறிய நாடுகள் சிலவற்றில் மூன்று பேரே பெறுகின்றனர். நோய் நாடு பார்த்து வருவதில்லை. கருவி நாடு பார்த்து வருகின்றது.

இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் தன் மக்களின் உரிமையாக ஏற்ற நாடு இது. கல்வி ஒரு வசதிப்பொருள் என்று சொன்னவர்களை 1940களில் இந்நாட்டு மக்கள் ஏற்கவில்லை. பேச்சும் அவ்வாறே கணிக்கப்படல் வேண்டும். பொது மருத்துவமனையின் வாத நோயாளர் விடுதிகளில் எழுத்துப்பலகை ஒன்று இருத்தலும், அதனைப் பயன்படுத்தச் செவிலியர் பயிற்றப்படுதலும், அதற்குரிய நேரம் அவர்களுடைய வேலைக் கணக்கிற் சேர்க்கப்படுதலும் முதற்படி. பல்கலைக்கழகங்களின் கணினித் துறையினரும் தமிழ்த் துறையினரும் ஒன்றுகூடி, யாவரும் பெறத்தக்க தமிழ் நிரல்களை ஆக்குதல் அடுத்த படி. கண்ணால் இயங்கும் கணினியை அரசு வாங்கி வேண்டியவர்க்கு வழங்குதல் அதற்கும் மேற்படி. இவற்றுள் முதற்படிக்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை.

கண்ணின் மொழி புதிதன்று. டூமா எழுதிய காலத்திலும் அது பேசிற்று. பெயரிடப்படாத நோயாளரின் கட்டில்களில் அதற்கு முன்னும் பேசியிருக்கும். நூற்றெண்பது ஆண்டுகளில் மாறி வந்தது கேட்கும் முறையே. வலன்டீனின் அகராதி மொந்திபிலின் பட்டியலாகி, பின்னர் அகச்சிவப்பு ஒளியாகிற்று. ஆயின் ஒவ்வொரு கட்டத்திலும், முடங்கியவரின் சொல்லைத் தன் ஊகத்தால் நிரப்பிவிடாது, அவர் முடிக்கும்வரை காத்திருந்த ஒரு மனிதர் தேவைப்பட்டார். அம்மனிதரின் நேரத்துக்கும் அக்கருவியின் விலைக்கும் பொறுப்பேற்கச் சமுதாயம் முன்வரும்போதே பேச்சுச் சுதந்திரம் என்னும் சொல் அனைவருக்கும் உரியதாகும்.